மைதானத்தில் ஒரு மூலை

துரையப்பா விளையாட்டரங்கு யாழ்ப்பாணக் கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. கரவெட்டி, கரணவாய்ப் பெடியளுக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெரிய மைதானம். போட்டி நாளில் விடிய வெள்ளனவே நெல்லியடியில் பஸ் ஏறிவிடுவார்கள். வெறுங்காலோடு ஓடினவர்கள்தான் அதிகம். ஓடி முடித்தவனின் குதிக்காலில் சுண்ணாம்புக் கோட்டின் வெள்ளை அப்பியிருக்கும். அதைக் கழுவாமல் வீடு வந்து ஆச்சிக்குக் காட்டின பிள்ளைகளும் உண்டு.

அரங்குக்குப் பெயர் கொடுத்த மேயர் அல்பிரட் துரையப்பாவை 1975 யூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொன்றார்கள். 1981இல் தெற்கிலிருந்து தேர்தல் காவலுக்கென்று வந்த பொலிசாரை இந்த அரங்கில்தான் தங்கவைத்தார்கள். அந்த நாட்களில்தான் பக்கத்தில் நூலகம் எரிந்தது. 1997க்குப் பிறகு அரங்கு பாவனையில்லாமல் பாழடைந்து கிடந்தது. 1999இல் திருத்த வேலைக்கு மண்ணைக் கிண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. எந்தத் தாயின் பிள்ளைகளோ! அதை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு பதறும்.

சண்டை வந்தால் படையினரின் கண் முதலில் மைதானத்தில்தான் விழும். பரந்த வெளி, சுற்றுமதில், ஹெலி இறங்க இடம், எல்லாம் அங்கே இருக்கும். பள்ளிக்கூடங்களுக்கும் இதே கதிதான். 1987இல் எங்கள் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் இராணுவ முகாமாக இருந்தது. யூலை 5 இரவு வெடிமருந்து ஏற்றிய வாகனம் மோதி, பிள்ளைகள் படித்த கட்டடம் நொறுங்கியது. இன்று அங்கே திரும்பவும் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது.

துரையப்பா அரங்கும் இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2016 யூன் 18இல் திறக்கப்பட்டது. என் வயதுக்காரர் சிலர், "எலும்பு கிடந்த மண்ணில் என்ன விளையாட்டு?" என்று கேட்கிறார்கள். வேறு சிலர், "பழசைக் கிளறாதே" என்கிறார்கள். இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். முதற் பேச்சைக் கேட்டால் பிள்ளைகளுக்கு மைதானம் இல்லை. இரண்டாவதைக் கேட்டால் அந்த மண்ணில் கிடந்தவர்களை நினைக்க ஆளில்லை.

சிலி நாட்டுச் சந்தியாகோவில் 1973இல் இராணுவம் தேசிய விளையாட்டரங்கைத் தடுப்பு முகாமாக்கி, ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைத்து வதைத்தது. இன்று அங்கே உதைபந்தாட்டம் நடக்கிறது. ஆனாலும் ஒரு பகுதியில் பழைய மர வாங்குகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆட்டம் பார்க்க எத்தனை சனம் வந்தாலும் அந்த வாங்குகளில் ஒருவரும் இருப்பதில்லை.

யாழ்ப்பாண மாநகரசபைக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் நான் கேட்பது இதைத்தான். துரையப்பா அரங்கிலும் அப்படி ஒரு மூலையை ஒதுக்குங்கள். 1981, 1999 என்ற இரண்டு ஆண்டுகளையும், அப்போது நடந்ததையும் ஒரு கல்லில் பொறித்து வையுங்கள். பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப்போகும் ஆசிரியர்களே, ஓட்டம் தொடங்க முன்னம் ஐந்து நிமிடம் அந்தக் கதையைச் சொல்லுங்கள். பிறகு அவர்களை ஓட விடுங்கள்.