வாயில்லா உயிரும் பொருளறியாச் சொல்லும்

சொல்லைக் கற்பிப்பது என் தொழில். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த நாள்முதல் முப்பது ஆண்டுகளாக, "பொருள் விளங்காத சொல்லைத் தாண்டிச் செல்லாதீர்கள், நின்று கேளுங்கள்" என்று மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். அந்த அறிவுரையை நானே மீறிய கதையைச் சற்று வெட்கத்துடன்தான் இங்கு எழுதுகிறேன். இரண்டு சொற்களின் பொருளை நான் கேட்டறியாததால் என் வீட்டில் ஓர் உயிர் போயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளி வேலியோரம் யாரோ விட்டுச் சென்ற நாய்க்குட்டி ஒன்றை என் இளைய மகள் வீட்டுக்கு எடுத்து வந்தாள். பிறந்து எட்டு வாரம் இருக்கும். பழுப்பு உடல், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. மணி என்று பெயரிட்டாள். கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்று முதல் தடுப்பூசி போட்டோம். அவர் ஓர் அட்டையைத் தந்து, நான்கு வாரம் கழித்துப் 'பூஸ்டர்' போட வருமாறு கூறினார். நான் தலையசைத்தேன். ஊக்கம் தரும் சத்து ஊசியைத்தான் அவர் சொல்கிறார் என்பது என் எண்ணம். குட்டியோ கொழுகொழுவென்று வீடெங்கும் துள்ளித் திரிந்தது. இதற்கு இன்னும் என்ன சத்து வேண்டும்? மேலும் அது ஆண்டிறுதித் தேர்வுக் காலம். அட்டை என் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. நினைவும் அதனுடன் போயிற்று.

ஆறு வாரம் கழிந்தது. ஒருநாள் இரவு மணி உண்ண மறுத்தது. விடிவதற்குள் வாந்தியும், இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் கண்டன. மருத்துவர் சோதித்துவிட்டுப் 'பார்வோ' என்றார். 1978ஆம் ஆண்டளவில் உலகெங்கும் நாய்களிடையே பரவத் தொடங்கிய நச்சுயிரி நோய் அது. 'சிறியது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டார்கள். பெயர்தான் சிறிது. அது குடலின் உட்சுவரை அரித்து, உடலின் நீரையெல்லாம் வெளியேற்றிவிடுகிறது. இழந்த நீரை இரத்தக்குழாய் வழியே ஏற்றி, உடல் தானே போராடி மீளும்வரை தாங்கிப் பிடிப்பதே சிகிச்சையின் அடிப்படை.

மணியை அங்கேயே விட்டுப் புறப்பட்டபோது, மருத்துவர் எழுதித் தந்த தாளின் கடைசி வரியைப் பார்த்தேன். 'புரொக்னோசிஸ்: கார்டட்' என்றிருந்தது. முதற்சொல் எனக்குத் தெரியாது. இரண்டாவது தெரியும் என்று நினைத்தேன். கார்ட் என்றால் காவல்; ஆகவே குட்டி காக்கப்பட்டுவிட்டது! அன்று மாலை அதைப் பார்க்கப் போகலாம் என்று மகள் அழைத்தபோது, "வேண்டாம் அம்மா, ஆபத்து நீங்கிவிட்டது. இரண்டொரு நாளில் வீட்டுக்கே வந்துவிடும்" என்று தேற்றினேன். அவளும் மகிழ்ச்சியுடன் பாடம் எழுத உட்கார்ந்தாள்.

மறுநாள் விடியற்காலையில் தொலைபேசி ஒலித்தது. மணி இறந்துவிட்டது.

"காப்பாற்றிவிட்டார்கள் என்றுதானே சொன்னீர்கள், அப்பா?" என்று மகள் கேட்டாள். எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய நான் அன்று பேசாமல் நின்றேன்.

ஒரு வாரம் கழித்து, கட்டணம் செலுத்தச் சென்றபோது அந்தத் தாளை மருத்துவர்முன் வைத்துப் பொருள் கேட்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. மலாயும் ஆங்கிலமும் கலந்து பொறுமையாக விளக்கினார். புரொக்னோசிஸ் என்பது நோய் எவ்வாறு முடியும் என்னும் முன்கணிப்பு. அது 'கார்டட்' என்றால், பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம், உறுதி கூறுவதற்கில்லை என்று பொருள். காவலுக்குள் இருந்தது குட்டியன்று, மருத்துவரின் வாக்கு.

பூஸ்டரைப் பற்றியும் கேட்டேன். "குட்டி தாயிடம் முதலில் குடிக்கும் கொலஸ்ட்ரம் அதைச் சில வாரம் நோயிலிருந்து காக்கிறது. ஆனால் அதே காப்பு நாம் போடும் தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. தாய் தந்த காப்பு எந்த வாரத்தில் தேயும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவேதான் இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒருமுறை, குறைந்தது பதினாறு வார வயதுவரை, திரும்பத் திரும்பப் போடுகிறோம்" என்றார்.

"கொலஸ்ட்ரம் என்றால்?" என்றேன்.

"ஈன்றவுடன் சுரக்கும் தடித்த மஞ்சள் நிறப் பால்."

"சீம்பால்!" என்று என்னையறியாமல் சொன்னேன்.

தோட்டத்து லயத்தில் பசு வளர்த்த என் தாயார் என் கண்முன் வந்து நின்றார். பசு கன்று ஈன்றால், சீம்பால் காய்ச்சித் தருமாறு பிள்ளைகள் நாங்கள் சுற்றி நிற்போம். "கன்று குடித்து மிஞ்சினால்தான் உங்களுக்கு. அது குடிக்காவிட்டால் நோஞ்சானாகிவிடும்" என்பார். பள்ளிக்கூடம் காணாத அவர் அறிந்திருந்ததை, பட்டயம் பெற்ற மகன் அயற்சொல்லில் கேட்டபோது அடையாளம் காணவில்லை. அறிவு நம் வீட்டில் இருந்தது. அதற்கும் மருத்துவரின் சொல்லுக்கும் இடையே பாலம்தான் இல்லை.

அன்றிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அதில் 'அக்யூட்' என்பதற்குத் 'திடீரெனத் தோன்றுவது' என்றும், 'குரோனிக்' என்பதற்கு 'நாட்பட்டது' என்றும் எழுதியுள்ளேன். பின்னதை மிகக் கடுமையானது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். விலங்கிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. அங்கே எலிக்காய்ச்சல் இருக்கிறது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் தலைகாட்டிய வெறிநோயும் இருக்கிறது. நமக்கு ஏற்ற பாரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு என்பதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

அக்குறிப்பேட்டில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த சொற்கள் இரண்டு. நோயாளி தானே உணர்ந்து சொல்வது 'சிம்ப்டம்'. மருத்துவர் கண்டறிவது 'சைன்'. கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் பின்னதையே ஆள்கின்றனர். தலை வலிக்கிறது என்று எந்த நாயும் சொல்வதில்லை அல்லவா? வாயில்லாத உயிருக்காகப் பார்ப்பது மருத்துவர் கடமை. அதற்காகக் கேட்பது வளர்ப்பவன் கடமை. நான் வாயிருந்தும் கேட்கவில்லை. தலைமையாசிரியன் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பதா என்னும் கூச்சம் என் வாயை அடைத்தது.

இப்போது எங்கள் வீட்டில் இன்னொரு நாய் வளர்கிறது. பார்வோ நச்சுயிரி மண்ணில் பல மாதம் உயிர்த்திருக்கும் என்று அறிந்து, ஓராண்டு காத்திருந்து, தடுப்பூசிகள் யாவும் முடிந்த நாயாகவே கொண்டு வந்தோம். அதன் அட்டை இழுப்பறைக்குள் இல்லை. சமையலறைச் சுவரில் தொங்குகிறது. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் கீழும் என் மகள் தமிழில் பொருள் எழுதியிருக்கிறாள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி இட்டிருக்கிறாள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவள் முதலில் கேட்பது அதைத்தான்.