சுவரும் வாசலும்

கணிப்பொறிக்குள் ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான நிரல்கள் ஓடுகின்றன. அவை அனைத்துக்கும் இருப்பதோ ஒரே நினைவகம். ஆயினும் ஒன்றின் உடைமையில் மற்றொன்று கைவைப்பதில்லை. இவ்வொழுங்கு எங்ஙனம் நிலைபெறுகிறது என்னும் வினா நம் உள்ளத்தை நெடுநாளாகக் கவர்ந்து வந்திருக்கிறது.

1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில், இப்பணியை ஆற்றுவது அதன் உட்கருவாகிய கெர்னல். நினைவகத்தை அது சிறுசிறு பக்கங்களாகப் பகுக்கிறது. பெரும்பாலான கணிப்பொறிகளில் ஒரு பக்கத்தின் அளவு 4096 பைட்டுகள். ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியே ஒரு முகவரி அட்டவணை எழுதித் தருகிறது. அட்டவணையில் இல்லாத பக்கம், அந்நிரலைப் பொறுத்தவரை உலகிலேயே இல்லாதது. இதுவே சுவர்.

இரு நிரல்கள் வேண்டிக் கேட்டால், ஒரே பக்கத்தை இரண்டின் அட்டவணையிலும் கெர்னல் குறித்துவிடும். பின்னர்ச் செய்தியைப் படியெடுத்துச் சுமந்து செல்ல வேண்டியதில்லை. ஒன்று எழுதியதை மற்றொன்று அங்கேயே படித்துக்கொள்ளும். இது வாசல்.

வாசல் திறந்தால் மட்டும் போதுமா? பகிர்ந்த எண் ஒன்றை இரு நிரல்களும் ஒவ்வொன்றாகப் பத்து இலட்சம் முறை கூட்டுமாறு நாம் எழுதிப் பார்த்தோம். விடை இருபது இலட்சத்தை எட்டவில்லை. இரண்டும் ஒரே வேளையில் பழைய எண்ணைப் படித்து, ஒன்றைக் கூட்டி, ஒன்று எழுதியதன் மேலேயே மற்றொன்றும் எழுதிவிடுவதே காரணம். பூட்டு ஒன்று வைத்து, முறைவரும்வரை காத்திருக்கச் செய்த பின்னரே கணக்கு நேராயிற்று. அப்பூட்டைக் கெர்னல் தானாகப் போடுவதில்லை. பகிர்வோரே போட்டுப் பேணவேண்டும்.

ஒரு நிரல் தன்னிலிருந்து மற்றொன்றைப் பிறப்பிக்கும்போது கெர்னல் காட்டும் சிக்கனம் வியப்புக்குரியது. இரண்டும் ஒரே பக்கங்களைப் படிக்கின்றன. ஏதேனும் ஒன்று எழுத முனைந்தால்தான் அப்பக்கத்துக்குத் தனிப்படி எடுக்கப்படுகிறது. கோப்புகளைப் பகிர்வதிலும் இம்முறை உண்டு. ஆனால் அதிலேயே ஒரு விரிசல் இருந்தது 2016-இல் வெளிப்பட்டது. படிக்க மட்டுமே இசைவு பெற்றவர், தனிப்படி உருவாகும் நொடிப்பொழுதில் புகுந்து மூலத்திலேயே எழுதிவிட முடிந்தது. ‘டர்ட்டி கௌ’ எனப் பெயர்பெற்ற அக்குறை 2007 முதலே கெர்னலில் இருந்து வந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளையும் அது விடவில்லை. அவ்வாண்டே திருத்தமும் வந்தது.

பொதுக் கிணற்றுக்கு உரிமைபெற்ற பங்காளிகள் முறைவைத்து நீர் இறைப்பது, ஒருவரையொருவர் நம்பாமையால் அன்று. முறை இருப்பதால்தான் நம்பிக்கை நிற்கிறது. சுவரின்றி வாசல் இல்லை. பூட்டின்றிப் பகிர்வும் இல்லை.