முதல் மாணவனை உட்கார வைத்த வாத்தியார்



இந்த முறை பதிவு கொஞ்சம் நீளம். கால்பந்து பற்றியது. பந்தாட்டம் பிடிக்காதவர்கள் பாதியில் எழுந்து போகலாம், வகுப்பில் செய்தது போல் பெயர் எழுதி வைக்க மாட்டேன். ஆனால் முடிந்தவரை படித்துப் பாருங்கள். இது வாத்தியார் விஷயமும்தான்.

ரொனால்டோவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்கள் பிள்ளைகள் 7ஆம் எண் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் ஓடுகிறார்கள். பெர்னாண்டோ சாண்டோஸைத் தெரியுமா என்று கேட்டால் பலர் விழிப்பீர்கள். போர்ச்சுகல் அணிக்கு 8 வருடம் பயிற்சியாளராக இருந்தவர். அந்த நாட்டுக்கு முதல் பெரிய கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். டிவியில் பார்த்திருப்பீர்கள், நரைத்த முடி, சிரிப்பே வராத முகம். பொதுத்தேர்வு அறையில் கண்காணிப்புக்கு வரும் வெளிப்பள்ளி ஆசிரியர் மாதிரி நிற்பார்.

1954இல் லிஸ்பனில் பிறந்தவர். ஆட்டக்காரராக அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எஸ்டோரில், மரிட்டிமோ என்ற இரண்டு நடுத்தரக் கிளப்புகளில் தடுப்பாட்டக்காரராக ஆடினார். நாட்டுக்காக ஆடும் வாய்ப்பு வரவில்லை. ஆடிக்கொண்டே படித்து மின்பொறியியல் பட்டம் வாங்கினார். ஆட்டத்தை விட்ட பிறகு எஸ்டோரிலில் ஒரு பெரிய ஹோட்டலில் பராமரிப்புப் பொறியாளர் வேலை பார்த்தார். பயிற்சியாளர் வேலை அதற்குப் பிறகு வந்தது. எஸ்டோரில் கிளப்பைக் கையில் எடுத்து முதல் டிவிஷனுக்குக் கொண்டுபோனார். பிறகு போர்டோ. அந்தக் கிளப் தொடர்ந்து நான்கு வருடம் சாம்பியனாக இருந்த சமயம் அவர் போய்ச் சேர்ந்தார். 1999இல் ஐந்தாவதும் கிடைத்தது. அதிலிருந்து அவருக்கு ‘ஐந்தாவது பட்டத்தின் இன்ஜினியர்’ என்று பட்டப்பெயர். போர்டோ, ஸ்போர்ட்டிங், பென்ஃபிகா, அந்த நாட்டின் மூன்று பெரிய கிளப்புகளிலும் பயிற்சியாளராக இருந்தவர்கள் மிகச் சிலர். அதில் இவர் ஒருவர்.

நடுவில் பல வருடம் கிரேக்க நாட்டில் கழித்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2004இல் யூரோ கோப்பை போர்ச்சுகலிலேயே நடந்தது. இறுதி ஆட்டத்தில் சொந்த மண்ணில் கிரேக்கத்திடம் 1-0 என்று தோற்றார்கள். கிரேக்க அணியில் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. எல்லோரும் சேர்ந்து கோட்டை மாதிரி நின்று தடுத்தார்கள், கிடைத்த ஒரு வாய்ப்பில் கோல் போட்டார்கள். அன்று மைதானத்தில் தேம்பி அழுத 19 வயதுப் பையன்தான் ரொனால்டோ. அந்தக் கிரேக்க நாட்டு அணிக்கே பின்னால் சாண்டோஸ் பயிற்சியாளர் ஆனார். 2014 உலகக் கோப்பையில் அதை இரண்டாவது சுற்று வரை கொண்டுபோனார். அதே வருடம் செப்டம்பரில் அவரது சொந்த நாடு அவரைக் கூப்பிட்டது.

ரொனால்டோவை அவருக்கு முன்பே தெரியும். 2003இல் அவர் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு வந்தபோது அங்கே 18 வயது ரொனால்டோ இருந்தார். அந்த ஆகஸ்ட் மாதம் மான்செஸ்டர் யுனைடெட் ஒரு நட்பு ஆட்டத்துக்கு லிஸ்பன் வந்தது. பையன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஒரு வாரத்துக்குள் விலை பேசி இங்கிலாந்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஆக, சாண்டோஸ் கையில் அவர் இருந்தது சில வாரங்கள்தான். நல்ல மாணவன் ஒருவன் ஜூனில் சேர்ந்து, ஜூலையில் அப்பாவுக்கு மாற்றல் என்று டிசி வாங்கிக்கொண்டு போவானே, அந்த மாதிரி. பதினோரு வருடம் கழித்துத் திரும்ப அந்த மாணவன் வகுப்புக்கு வரும்போது அவன் உலகத்துக்கே முதல் ரேங்க்.

இனி 2016 யூரோ. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதல் ஆட்டம் ஐஸ்லாந்துடன் 1-1. இரண்டாவது ஆஸ்திரியாவுடன் 0-0. மூன்றாவது ஹங்கேரியுடன் மூன்று முறை பின்தங்கி மூன்று முறை எழுந்து 3-3. ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை, பிரிவில் மூன்றாம் இடம். பழைய முறைப்படி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அந்த வருடம்தான் முதன்முறையாக 24 அணிகள். மூன்றாம் இடம் பிடித்தவர்களில் சிறந்த நான்கு அணிக்கும் அடுத்த சுற்று உண்டு என்று விதி வந்திருந்தது. 35 மார்க் ஜஸ்ட் பாஸ். பத்திரிகைகள் கிழித்தன. சாண்டோஸ் என்ன சொன்னார் தெரியுமா? ஜூலை 11ஆம் தேதிதான் வீட்டுக்கு வருவேன் என்று குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டேன் என்றார். இறுதி ஆட்டம் ஜூலை 10.

அப்புறம் குரோஷியாவைக் கூடுதல் நேரத்தில் 117ஆவது நிமிடத்தில் ஒரு கோல் போட்டு வென்றார்கள். போலந்தைப் பெனால்டி ஷூட்அவுட்டில் வென்றார்கள். வேல்ஸை 2-0. மொத்தம் ஆடிய ஏழு ஆட்டங்களில் 90 நிமிடத்துக்குள் ஜெயித்தது அந்த வேல்ஸ் ஆட்டம் ஒன்றுதான். அழகான ஆட்டமா என்றால் இல்லை. நானே குரோஷியா ஆட்டத்தில் பாதி தூங்கிவிட்டேன். ஆனால் தோற்கடிக்க முடியாத ஆட்டம். முந்தைய போர்ச்சுகல் அணிகள் அழகாக ஆடி அழுதுகொண்டு போயின, இவர் அதை மாற்றினார்.

இறுதி ஆட்டம் பாரிஸில், பிரான்சுடன். எட்டாவது நிமிடத்தில் பயே மோதியதில் ரொனால்டோவின் முழங்கால் அடிபட்டது. கட்டுப்போட்டுக்கொண்டு இரண்டு முறை திரும்பி வந்து பார்த்தார், முடியவில்லை. 25ஆவது நிமிடத்தில் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். மைதானத்தில் உட்கார்ந்து அவர் அழுதபோது ஒரு விட்டில் பூச்சி வந்து முகத்தில் உட்கார்ந்தது. அன்றிரவு மைதானம் முழுக்க அந்தப் பூச்சிகள்தான்.

முதல் ரேங்க் மாணவன் பரீட்சை நடுவில் மயங்கி விழுந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பேனா நின்றுவிடும். அந்த அணிக்கு நிற்கவில்லை. ஏனென்றால் ஒருவனை நம்பி எழுதும் பழக்கத்தை வாத்தியார் அதற்கு முன்பே மாற்றி வைத்திருந்தார். 79ஆவது நிமிடத்தில் எடர் என்ற ஆட்டக்காரரை இறக்கினார். கினி-பிசாவுவில் பிறந்து போர்ச்சுகலில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர். கோல் அடிக்கத் தெரியாதவர் என்று சொந்த ரசிகர்களே கேலி செய்த ஆள். களத்துக்குள் போகும்போது நான் கோல் அடிப்பேன் என்று எடர் தன்னிடம் சொன்னதாக சாண்டோஸ் பிறகு சொன்னார். கூடுதல் நேரம், 109ஆவது நிமிடம். ஏறக்குறைய 25 கஜ தூரத்திலிருந்து தரையோடு ஓர் உதை. 1-0. கோப்பை.

அந்தக் கூடுதல் நேரத்தில் கோட்டுக்கு வெளியே நடந்ததை யூடியூபில் தேடிப் பாருங்கள். கட்டுப்போட்ட காலோடு ரொனால்டோ சாண்டோஸுக்குப் பக்கத்தில் நின்று கத்துகிறார், கையை ஆட்டுகிறார், நொண்டிக்கொண்டே முன்னே ஓடுகிறார், பயிற்சியாளரையே பிடித்துத் தள்ளுகிறார். வேறொருவர் என்றால், ‘தம்பி, போய் உட்கார், இது என் வேலை’ என்பார். சாண்டோஸ் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அந்த மனிதர்தான் ஆறு வருடம் கழித்து அதே மாணவனை உட்கார வைத்தார்.

2022, கத்தார் உலகக் கோப்பை. ரொனால்டோவுக்கு 37 வயது. மான்செஸ்டர் யுனைடெட்டுடன் சண்டை, போட்டி தொடங்கிய பிறகுதான் அந்த ஒப்பந்தமே முறிந்தது. கிளப் இல்லாத ஆட்டக்காரராக அங்கே ஆடினார். கானாவுடன் பெனால்டியில் ஒரு கோல் போட்டார், ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் அடித்த முதல் ஆண் வீரர் என்ற பெயரும் வந்தது. ஆனால் கால் பழைய கால் இல்லை, பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. தென் கொரியாவுடன் ஆடும்போது 65ஆவது நிமிடத்தில் சாண்டோஸ் அவரை வெளியே எடுத்தார். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். காட்சியைப் பார்த்தேன், எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை என்று சாண்டோஸ் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

டிசம்பர் 6, சுவிட்சர்லாந்துடன் நாக்அவுட் ஆட்டம். பட்டியலில் ரொனால்டோ இல்லை. அவர் இடத்தில் 21 வயது கொன்சாலோ ராமோஸ். நாட்டுக்காக முதல் நிமிடத்திலிருந்து ஆடுவது அந்தப் பையனுக்கு அதுதான் முதல் முறை. மூன்று கோல் போட்டான்! ஆட்டம் 6-1.

இதில் என்னைத் தொட்டது கோல் கணக்கு இல்லை. ஆட்ட நாளில் மதிய உணவுக்குப் பிறகு சாண்டோஸ் ரொனால்டோவைத் தனியாக அறைக்கு அழைத்து, இன்று உன்னை முதலில் இறக்கப் போவதில்லை என்று நேரில் சொன்னார். இது நல்ல யோசனை என்று நிஜமாகவே நினைக்கிறீர்களா என்று ரொனால்டோ கேட்டாராம். சந்தோஷமாக இல்லை, இருக்கவும் முடியாதே என்றார் சாண்டோஸ். பட்டியலை உதவியாளர் கையில் கொடுத்தனுப்பியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள்.

வகுப்பறையில் நான் பல நூறு முறை சொன்ன வாக்கியம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: “உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும், நீ உட்காரு. வேற யாராவது சொல்லட்டும்.” கை தூக்கிய பிள்ளையின் முகம் அப்போது சுருங்கும். கடைசி பெஞ்சில் ஒரு கை மெதுவாக எழும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பதுதான் எங்கள் உத்தியோகம். ஆனால் அது 40 பேர் உள்ள அறை. சாண்டோஸ் அதை உலகமே பார்க்கும் இடத்தில் செய்தார். அதுவும் தனக்கு 68 வயதில், தன் வேலையைப் பணயம் வைத்து.

நான்கு நாள் கழித்து மொராக்கோவிடம் 1-0 என்று தோற்றார்கள். அன்றும் ரொனால்டோ முதலில் ஆடவில்லை, 51ஆவது நிமிடத்தில்தான் வந்தார். ஆட்டம் முடிந்ததும் யாரையும் பார்க்காமல் அழுதுகொண்டே உள்ளே போனார். டிசம்பர் 15 அன்று சாண்டோஸின் வேலை முடிந்தது. 6-1 அன்று ‘மேதை’ என்றவர்கள் 0-1 அன்று ‘துரோகி’ என்றார்கள். மொராக்கோ அன்று நன்றாக ஆடியது என்பதை யாரும் பேசவில்லை. அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடு அது.

அதற்குப் பிறகு சாண்டோஸுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. போலந்தில் ஆறே ஆட்டங்கள். 2-0 என்று முன்னால் இருந்து மால்டோவாவிடம் 3-2 என்று தோற்றதை அந்த ஊர்க்காரர்கள் மன்னிக்கவே இல்லை. துருக்கியில் பெஷிக்தாஷ் கிளப், அங்கே சில மாதம். பிறகு அஜர்பைஜான், அங்கே ஒரு வெற்றியும் கிடைக்கவில்லை. மாணவனோ புதிய பயிற்சியாளரின் கீழ் திரும்ப முதல் பதினொருவரில் ஒருவனாகி, 2025 ஜூனில் 40 வயதில் நேஷன்ஸ் லீக் இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராகக் கோல் போட்டுக் கோப்பையும் தூக்கினான். பார்த்தீர்களா, சாண்டோஸ் கணித்தது தப்பு என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த டிசம்பரில், அந்த வாரத்தில் அவன் கால் எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு அவர் சரியான பதில் எழுதினார் என்பது என் திருத்தம்.

கத்தாரிலிருந்து திரும்பிய பிறகு ரொனால்டோவும் தானும் பேசிக்கொள்ளவில்லை என்று சாண்டோஸ் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். முடிவைப் பற்றி வருத்தம் இல்லை என்றும் சொன்னார். எனக்கு இதுதான் தாங்கவில்லை. கோப்பை போகட்டும், 2003இலிருந்து தெரிந்த பையன். வயதில் சிறியவன்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று என் வீட்டம்மா சொல்கிறார். வலி யாருக்கு அதிகமோ அவரை மற்றவர் கூப்பிட வேண்டும் என்பது என் கட்சி. யாருக்கு அதிகம் என்பதில்தான் இரண்டு நாளாக வீட்டில் வழக்கு.

நம்ம பிள்ளைகளில் சிலர் இப்போது ஆசிரியர்கள், ஒருவர் தலைமையாசிரியர். உங்களைத்தான் கேட்கிறேன். அந்த மதிய உணவுக்குப் பிறகு, அந்த அறையில், நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எழுதுங்கள். கண்ணாடி மாற்றியிருக்கிறேன், எல்லாவற்றையும் படிப்பேன்.