பாதி வழியில் திரும்பியவர்

இக் கலாசாலையிற் பட்டம் பெற்று வெளியேறியபின், மேற்படிப்பின் நிமித்தம் 2012-ஆம் ஆண்டு யான் வேல்ஸ் நாட்டின் தலைநகராகிய கார்டிப் சென்று ஓராண்டு தங்கியிருந்தேன். ஆங்கு என்னோடு ஒரே வீட்டிற் குடியிருந்தவர்களுள் ஓர் ஆங்கிலேயர், பாடசாலையொன்றில் கணித உபாத்தியாயர். முப்பது வயதுக்கு மேற்படாதவர். மெலிந்த தேகமும் மூக்குக் கண்ணாடியும் உடையவர். உரக்கப் பேச அறியாதவர். இத்தகையவர் விடுமுறை நாள்தோறும் விடியுமுன் எழுந்து, மணல் நிறைத்த பைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் பெரியதொரு முதுகு மூட்டையில் திணித்துக்கொண்டு எங்கோ போய், இருட்டிய பின் முழங்கால்வரை சேறு படிந்தவராய்த் திரும்புவார். இஃது ஒருவகைச் சித்தப் பிரமை என்றே யான் முதலிற் கருதினேன்.

ஐப்பசி மாதத்து இரவொன்றில், அடுக்களையில் இருவரும் தனித்திருக்கையில், அவர் தம் இரகசியத்தை வெளியிட்டார். "ஸ்பெஷல் ஏர் சர்வீஸ் என்னும் படையின் ரிசர்வ் பட்டாளத்திற் சேர விண்ணப்பம் செய்திருக்கிறேன். பாடசாலையில் எவருக்கும் தெரியாது. என் தாயாருக்கும் தெரியாது. உங்களுக்கு இவ்வூரில் ஒருவரையும் பழக்கமில்லையாகையாற் சொன்னேன்" என்றார். யான் நகையாமல் இருக்க மிகவும் பிரயாசைப்பட்டேன். இரவிற் பகைவர் நாட்டினுள் விமானத்தினின்று குதிக்கும் வீரர் எங்கே, பின்னக் கணக்குத் திருத்தும் இவர் எங்கே!

அந் நகைப்பு அறியாமையால் விளைந்தது என்பது பின்னர்ப் புலனாயிற்று. அப்படை 1941-இல் எகிப்து தேசத்தில் டேவிட் ஸ்டர்லிங் என்னும் இளம் அதிகாரியால் தோற்றுவிக்கப்பட்டு, யுத்தம் முடிந்த 1945-இற் கலைக்கப்பட்டது. 1947-இல் அது மீண்டும் உயிர் பெற்றபோது, முழுநேரச் சிப்பாய்களின் படையாக அன்று, உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஓய்வு நாட்களிற் பயிலும் குடிமக்களின் படையாகவே உயிர் பெற்றது. அதற்கு 21 என்னும் எண் கொடுத்து, லண்டனிலிருந்த ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைபிள்ஸ் என்னும் பழைய தொண்டர் பட்டாளத்தோடு இணைத்தனர். பெயர் கூறுமாறே அது கலைஞர் படை. பிரெஞ்சுக்காரர் படையெடுப்பர் என்னும் அச்சம் பரவிய 1859-இல் ஓர் ஓவிய மாணவர் தொடங்கிய முயற்சியால் மறு ஆண்டு அமைந்தது. லெய்ட்டன், மில்லே, ரோஸெட்டி முதலிய பேர்பெற்ற ஓவியர்கள் அதிற் கவாத்துப் பழகினர். கவிஞராகிய வில்லியம் மாரிஸோ, இடப்புறம் திரும்பச் சொன்னால் வலப்புறம் திரும்பி, எதிர்முகமாய் நிற்கும் தோழரிடம் மன்னிப்புக் கேட்பாராம். முதல் உலக யுத்தத்தில் உயிர் நீத்த எட்வர்ட் தாமஸ், வில்பிரட் ஓவன் என்னும் கவிஞர் இருவரும் 1915-இல் இப்பட்டாளத்திலேயே முதலிற் பெயர் கொடுத்தவர்கள். பிற்காலத்தில், கொரியா யுத்தத்துக்கென்று முன்வந்த இதன் தொண்டர்கள் சிலர் மலேயாக் காடுகளுக்கு அனுப்பப்பட்டு, ஆங்கிருந்த படையோடு கலந்தனர். அப்படையே 1952-இல் 22 என்னும் எண்ணுடைய முழுநேரப் பட்டாளமாயிற்று. நிலைப்படையினின்று ரிசர்வ் படை கிளைத்தலே உலக வழக்கம். இங்கோ குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் மூத்தோர், சிப்பாய்கள் இளையோர். 1959-இல் 23 என்னும் எண்ணுடைய மற்றொரு ரிசர்வ் பட்டாளமும் ஏற்பட்டது.

முன்பின் துப்பாக்கியைத் தொட்டறியாத குடிமகனும் இவற்றிற்கு நேரே விண்ணப்பிக்கலாம் என்பது யான் அங்கிருந்த காலத்து விதி. உடற்பரிசோதனையும் ஓட்டமும் தேறியவனை மலைக்கு அழைப்பர். பிரெக்கன் பீக்கன்ஸ் என்னும் அம்மலைத் தொடரின் உச்சி பென்-இ-வான். உயரம் 886 மீட்டர். நம் கோடைக்கானலை நோக்க அது குன்றே எனினும், அங்கு வீசும் காற்றும், நொடியில் இறங்கும் மூடுபனியும் கொடியவை. மாப்பும் திசைகாட்டியும் கையில் தந்து, குறித்த இடத்தினின்று குறித்த இடத்துக்குத் தனியே போகச் சொல்வர். வாரத்துக்கு வாரம் மூட்டையின் பாரமும் வழியின் தூரமும் ஏறும். எத்தனை நாழிகையில் முடித்தால் தேறலாம் என்பதைச் சொல்லமாட்டார்கள். முகாமில் நிற்கும் போதகர் புகழ்வதுமில்லை, வைவதுமில்லை. "பாடசாலையில் நான் பிள்ளைகளை ஓயாமல் 'நன்று, நன்று' என்று தட்டிக்கொடுக்கிறேன். மலைமேல் என்னை ஏனென்று கேட்பார் இல்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாயிருக்கிறது, தெரியுமா?" என்றார் நண்பர். இவ்வார்த்தையின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

நாளடைவில் என் நகைப்பு மாறி ஒருவகைப் பெருமிதம் தோன்றிற்று. வெள்ளிக்கிழமை இரவுகளில் அவருக்குச் சோறும் பருப்பும் சமைத்து இட்டேன். உற்சாகப் படுத்துவதாக எண்ணி, வெண்ணிப் போரில் முதுகிற் புண்பட்டமைக்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்த சேர வேந்தன் கதையைச் சொன்னேன். அவர் சற்று யோசித்து, "வேல் மார்பைத் துளைத்து முதுகில் வெளிப்பட்டது என்றீர்களே, அப்படியானால் அம்மன்னர் புறங்காட்டவில்லையே? எதற்காக நாணினார்?" என்று கேட்டார். கணித உபாத்தியாயர் அல்லவா! எனக்கு விடை தோன்றவில்லை. "அது எங்கள் மரபு" என்று சொல்லி முடித்தேன்.

2013 பிப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிறு. இரவு வரவேண்டியவர் நண்பகலே வந்துவிட்டார். மூட்டையைக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு நெடுநேரம் பூட்ஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முந்திய வாரமே வலது முழங்காலில் நோவு இருந்ததாம். பனிமூட்டத்தில் வழி தவறிச் சரிவொன்றில் இறங்கி ஏறியபோது, கால் தம் வசத்தில் இல்லை என்று கண்டாராம். அடுத்த முகாமை அடைந்ததும், "விலகிக்கொள்கிறேன்" என்று போதகரிடம் சொல்லிவிட்டார். அவர் பெயரைக் குறித்துக்கொண்டு, ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து லாரியில் ஏற்றினார். இவ்வளவே.

யான் வாயளவில் ஆறுதல் கூறினேன். உள்ளமோ வேறு கூறிற்று. கால் ஒடியவில்லை, மயங்கி விழவில்லை, தம் நாவாலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு தேநீர் அருந்தி வந்திருக்கிறாரே என்று இகழ்ந்தேன். அன்று முதல் வெள்ளிக்கிழமைச் சமையல் நின்றது. அன்றி, ஊரிலிருந்த என் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், ஆங்கிலேய வீரம் ஒரு கோப்பைத் தேநீரிற் கரைந்தது என்று ஒரு வரி எழுதினேன். எழுதியபோது அது மிகச் சாதுரியமாய்த் தோன்றிற்று.

அவ்வாண்டு ஜூலை மாதம் அந்நாட்டிற்கு வழக்கமில்லாத வெயில் எரித்தது. 13-ஆம் தேதி சனிக்கிழமை ரிசர்வ் படைக்கு விண்ணப்பித்தவர்கள், ஏறக்குறைய 22 கிலோகிராம் மூட்டையோடு, 16 மைல் வழியை அம்மலைமேல் நடந்தனர். அன்றைய வெப்பம் 30 பாகைக்குச் சற்றே குறைவு. நம் ஊரில் அதனை வெயில் என்று ஒருவரும் சொல்லார். ஆயினும் பாரம் சுமந்து ஏறுபவனுடைய தசைகளே அடுப்பாகி அவன் தேகத்தை உள்ளிருந்து சுடுகின்றன. அச்சூடு வெளியேற வழியின்றேல் மூளை கலங்கும். கலங்கிய மூளை தான் கலங்கியதை அறியாது. இருவர் அன்றே மாண்டனர். மூன்றாமவர் அம்மாத இறுதியில் ஆஸ்பத்திரியில் இறந்தார். மூவரிடமும் இருக்குமிடம் காட்டும் கருவி இருந்தது. அவர்கள் நகராமற் கிடந்ததைக் கண்டு காலத்தில் உதவத்தான் ஆளில்லை.

செய்தியைக் கேட்ட அன்று மாலை நண்பர் அடுக்களையில் வானொலியருகே நின்றிருந்தார். பாத்திரம் கழுவிய நீர் கைகளிற் சொட்டிக்கொண்டே இருந்தது. "அவர்களும் 'விலகிக்கொள்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம்" என்று யான் மெல்லக் கூறினேன். அவர் திரும்பிப் பார்த்து, "அவ்வெயிலில் அதைச் சொல்லும் அறிவுதான் முதலிற் போய்விடும். அப்போது அவர்களுக்காகப் பிறர் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அன்று அதற்குமேல் அவர் பேசவில்லை.

2015-இல் மரண விசாரணை நடத்திய அதிகாரி, அசட்டையும் அம்மரணங்களுக்கு ஒரு காரணம் என்று தீர்மானித்தார். அன்று நண்பகலை அடுத்து இருவர் வெப்பத்தால் நோயுற்று விலக்கப்பட்டபோதே இராணுவ இலாகாவின் சொந்த விதிப்படி நடையை நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அரசாங்க இலாகாவாதலின் அதன்மேல் வழக்குத் தொடர இயலாமல், 2016-இல் முறைப்படியான கண்டனம் மட்டும் செய்தனர். சிப்பாய்கள் இருவர் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு 2018-இல் விடுவிக்கப்பட்டனர். இச் செய்திகளையெல்லாம் யான் ஊர் திரும்பியபின் ஒன்றுவிடாமற் படித்தேன். படிக்கும்தோறும் அப் பிப்ரவரி மாதத்துத் தேநீர்க் கோப்பையே நினைவில் வந்தது.

நம் கலாசாலை ஆலயத்திற் பலமுறை கேட்ட கிதியோன் கதையை அண்மையில் மீண்டும் வாசித்தேன். முப்பத்தீராயிரம் பேர் கூடியிருக்க, அஞ்சுபவர் வீடு திரும்பலாம் என்றதும் இருபத்தீராயிரம் பேர் போய்விடுகிறார்கள். ஈற்றில் எஞ்சுபவர் முந்நூற்றுவர். மாணவனாயிருந்த காலத்தில் என் கண் அம்முந்நூற்றுவர்மேலேயே இருந்தது. இம்முறை, திரும்பிப் போனவர்களைக் குறித்து வேதம் ஒரு நிந்தை வார்த்தையும் சொல்லவில்லை என்பதைக் கண்டேன். போகலாம் என்று உரக்க அறிவித்தவர் படைத்தலைவரே என்பதையும் கண்டேன்.

2013 செப்டம்பரில் யான் கார்டிபை விட்டுப் புறப்பட்டபோது, நண்பர் ரயிலடிவரை வந்தார். என் பெட்டிகளுள் பெரியதைத் தாமே முதுகிற் சுமந்து, "இது பதினெட்டுக் கிலோ இருக்கும்" என்று நிறுத்தவர்போற் சொன்னார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் எண்ணினேன். அவரோ புது வகுப்பு மாணவர்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வண்டி வந்துவிட்டது.

தம்பிக்கு எழுதிய அக்கடிதத்தைத் திருப்பித் தருமாறு இருமுறை கேட்டேன். அதில் அண்ணன் நன்றாய் எழுதியிருப்பதாகச் சொல்லி, அவன் அதை இன்னும் பத்திரமாய் வைத்திருக்கிறான்.