அப்படியானால் ஏன் கத்தினார்கள்

'தீம் பார்க்' என்பதற்குத் தமிழில் சொல் இல்லை. பொழுதுபோக்குப் பூங்கா என்றும் கேளிக்கைப் பூங்கா என்றும் பத்திரிகைகள் எழுதிச் சமாளிக்கின்றன. இரண்டிலும் 'தீம்' இல்லை. கருப்பொருள் பூங்கா என்று மொழிபெயர்த்தால் அது நம்மை வேறெங்கோ கொண்டுபோய்விடும். நிலத்துக்குரிய தெய்வம், மரம், பறவை, பறை இவைதானே நமக்குக் கருப்பொருள். கடற்கரை என்றால் நெய்தல், நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். ஈஞ்சம்பாக்கத்தில் கடலை ஒட்டியிருக்கும் வி.ஜி.பி. பூங்காவில் நான் கேட்டது இரங்கல் அல்ல, அலறல். காசு கொடுத்து, வரிசையில் நின்று, முறை வந்ததும் அலறுகிறார்கள். அலறி முடித்துவிட்டு மறுபடியும் வந்து வரிசையில் நிற்கிறார்கள். நாடகத்தையும் சினிமாவையும் பற்றி எழுதித் தீர்த்த நம் விமர்சகர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. தரக்குறைவான விஷயம் என்ற எண்ணம் காரணமாக இருக்கலாம். அல்லது அவர்கள் குழந்தைகளை அவர்கள் மனைவிமார்களே அழைத்துப்போய் வந்துவிடுகிறார்களோ என்னவோ.

வங்கி ஊழியனுக்கு எல்.எஃப்.சி. என்று ஒரு சலுகை உண்டு. விடுப்பில் ஊர் சுற்றப் பிரயாணச் செலவை வங்கி தரும். சக குமாஸ்தாக்கள் அதில் காஷ்மீர் போகிறார்கள், அந்தமான் போகிறார்கள், திரும்பி வந்து ஒரு மாதம் போட்டோ காட்டுகிறார்கள். நாங்கள் 2018 மே மாதம் கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போனோம். பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு நான்கு. தாத்தா வீடு, கல்யாணம், கோயில் என்று எந்தக் காரணமும் இல்லாமல், போவதற்காகவே போன முதல் பிரயாணம் அது. இந்த வகைப் பிரயாணம் என் அப்பாவுக்குத் தெரியாது. அவர் காட்டிய அதிகபட்ச பயம் திருவிழா ராட்டினம். நான்கு மரப்பெட்டி, கையால் சுற்றுகிறவர் ஒருவர். நிறுத்தவேண்டிய நேரத்தில் அவர் பெட்டியைப் பிடித்துத் தொங்குவார். உச்சியில் இருக்கும்போது நான் கீழே பார்ப்பது அவருடைய கையைத்தான். அந்தக் கை எலும்பும் நரம்புமாக இருக்கும். அதை நம்பித்தான் மேலே இருக்கிறோம் என்பது எனக்குத் தெரியும்.

வி.ஜி.பி.யின் வாசலில் அன்று சிலை மனிதர் நின்றிருந்தார். சென்னைக்கு ஒரு முறையாவது வந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தலைப்பாகை, மீசை, சேவகன் உடை. மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார். லண்டன் அரண்மனைக் காவலாளிகளைப் பார்த்து வந்த யோசனை என்று சொல்வார்கள். தவணைமுறையில் வானொலியும் கடிகாரமும் விற்று வளர்ந்த ஒரு குடும்பத்தின் பூங்கா அது. தவணை என்ற சொல் எனக்கு அன்றாடச் சொல் என்பதால் அங்கே நுழையும்போதே ஒரு சொந்த ஊர் உணர்வு ஏற்பட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அவரைச் சிரிக்கவைக்கக் கல்லூரிப் பையன்கள் நான்கைந்து பேர் முயன்றுகொண்டிருந்தார்கள். மூக்கை நசுக்கிக் காட்டினார்கள், ஒருவன் குரங்கு மாதிரி சொறிந்துகொண்டான். என் பையன் இதில் எதையும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவருக்கு ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவார்?" என்றான். பிறகு தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினான். மே மாத வெயில். அவர் பார்வை அவன் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. பையன் நீட்டிய கையை மடக்காமல் நின்றான். பெண்ணுக்கு அவமானமாகிவிட்டது. "டேய், அவர் சிலைடா" என்றாள். "இல்ல, மாமா" என்றான் அவன்.

அது அவருடைய வேலை என்று நான் விளக்கினேன். "வேலைன்னா பதில் சொல்லக்கூடாதா?" என்று கேட்டான். நாளெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் இதற்குச் சொல்லக்கூடிய பதில் எதுவும் நாலு வயதுக்கு ஏற்றதாக இல்லை. அவர் சிலை என்று பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. மாமா என்று பையனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் உண்மை. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறவன் இதில் முதலாவதை ஒப்புக்கொண்டுதான் வருகிறான். கல்லூரிப் பையன்களும் ஒப்புக்கொண்டவர்களே. ஒப்பந்தம் தெரிந்தால்தானே அதை உடைக்க முயல முடியும்? பாவனை என்பதைச் செய்கிறவரின் காரியமாகவே நம் விமர்சனம் பேசி வந்திருக்கிறது. பார்க்கிறவன் செய்யும் பாவனை அதைவிடக் கடினம் என்று எனக்கு அன்று தோன்றியது. நான்கு வயதில் அது கைவருவதில்லை.

உள்ளே இருந்தவற்றைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. ராட்டினங்கள், தண்ணீர், சின்ன ரயில், பாப்கார்ன். உயரம் அளக்கும் கோட்டருகே நிறுத்தப்பட்டபோது பையன் தன்னைப் பள்ளிக்கூடத்தில் அளப்பதுபோல் விறைத்து நின்றான். பெரிய ராட்டினத்தில் ஏறமுடியாது என்று சொன்னதும் தேர்ச்சி பெற்றவன்போலத் திரும்பி வந்தான். என் மனைவி தான் செய்யாத தோசை ஒன்றை, யாருக்கும் பரிமாறாமல், உட்கார்ந்து சாப்பிட்டாள். அதற்காகவே வங்கி இந்தப் பணத்தைக் கொடுத்திருக்கலாம்.

ரோலர் கோஸ்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். அதன் பூர்வீகம் ருஷ்யாவின் பனிச்சறுக்கு மேடைகள். பிரெஞ்சுக்காரர்கள் அதை இன்றும் 'ருஷ்ய மலைகள்' என்கிறார்கள். ருஷ்யர்களோ 'அமெரிக்க மலைகள்' என்கிறார்கள். தன் பயத்துக்கு அடுத்த வீட்டுக்காரன் பெயரை வைப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். பனி இல்லாத பாரிஸில், சக்கரம் தடத்தைவிட்டு விலகாதபடி பூட்டிய வண்டிகளோடு இவை திறக்கப்பட்டது 1817-ல். கோல்ரிட்ஜ் தன் இலக்கியச் சுயசரிதையை வெளியிட்டதும் அதே 1817-ல்தான். கவிதை படிக்கிறவன் தன் அவநம்பிக்கையை அந்த நேரத்துக்கு மட்டும் விரும்பி ஒதுக்கிவைக்கிறான் என்ற, பி.ஏ. ஆங்கிலம் படித்த யாரும் தப்பமுடியாத அந்த யோசனை அதில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. வருஷம் ஒன்று என்று மட்டும் சொல்கிறேன்.

இதன் யந்திரம் எளிமையானது. வழக்கமான ரோலர் கோஸ்டரில் வண்டிக்கு எஞ்சின் கிடையாது. ஒரு சங்கிலி அதை முதல் உச்சிவரை இழுத்துப்போய் விட்டுவிடும். மிச்சமெல்லாம் பூமியின் வேலை. தண்டவாளத்துக்கு மேலே மட்டுமின்றி அடியிலும் சக்கரம் உண்டு. ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. வண்டி மேலே எழும்பிப் போகவும் முடியாது. ஏறும்போது டக் டக் என்று ஒரு சத்தம் கேட்கும். சங்கிலி அறுந்தால் வண்டி பின்னோக்கி உருண்டுவிடாதபடி ஒவ்வொரு பல்லாக விழுந்து பிடித்துக்கொள்ளும் தடுப்பின் சத்தம் அது. ஏறுகிறவர்கள் மிக அதிகமாகப் பயப்படுவது இந்தச் சத்தத்துக்குத்தான்.

பெண்ணோடு நான் போனேன். டக் டக் என்று ஏறும்போது அவள் ஒன்றும் பேசவில்லை. உச்சியில் ஒரு கணம். பிறகு அவள் கத்தியது எனக்குத் தெரிந்த அவளுடைய குரலே அல்ல. பிறந்த அன்று கேட்டதற்கு அப்புறம் அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. என்னைக் கூப்பிடவில்லை, அம்மாவைக் கூப்பிடவில்லை. கத்தல் மட்டும்.

கீழே வந்து, தண்ணீர் குடித்து, வெகுநேரம் கழித்துக் கேட்டாள்: "நிஜமாவே விழுந்திருந்தா?" நான் அவளைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அழைத்துப்போய் அடிச்சக்கரத்தைக் காட்டினேன். பெல்ட்டைச் சொன்னேன், பல்லைச் சொன்னேன். விழவே முடியாது என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப ஏன் எல்லாரும் கத்தினாங்க?"

"நீயும்தான் கத்தினே."

"எனக்குத் தெரியாதே."

கோல்ரிட்ஜ் பெரியவர்களைப் பற்றிப் பேசுகிறார். ஒதுக்கிவைக்க ஏற்கனவே ஒரு அவநம்பிக்கை வேண்டும். ஏழு வயதுப் பெண்ணிடம் அது இருக்கவில்லை. அந்தப் பூங்காவில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில், நான் அதை அவள் கையில் கொடுத்தேன். குழந்தைகளைக் கனவுலகத்துக்கு அழைத்துப்போகிறோம் என்றுதான் எல்லா விளம்பரமும் சொல்கிறது. கனவிலிருந்து வந்தவர்கள் குழந்தைகள்தான். அங்கே அவர்கள் முதன்முதலாகக் கற்றுக்கொள்வது, இது கனவு என்பதை. சிலை, மாமா அல்ல. விழுவது, விழுவது அல்ல. பயத்துக்கு ஒரு பெல்ட் உண்டு. இது தெரியாமல் இலக்கியம் படிக்க முடியாது, நாடகம் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். நான் எழுதும் விமர்சனமே இந்தத் தூரத்தில் நின்று எழுதுவதுதான். இருந்தாலும் அந்த முதல் குரல் எனக்கு வேண்டியிருந்தது.

அவள் இரண்டாம் முறை ஏறினாள், அம்மாவோடு. நானும் பையனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வால்ட் டிஸ்னி சொன்ன கதை ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் கிரிஃபித் பார்க் குதிரை ராட்டினத்தில் தன் பெண்கள் சுற்றிக்கொண்டிருக்க, தான் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தபோது, பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து அனுபவிக்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாம். 1955 ஜூலையில் அனாஹைமில் டிஸ்னிலாண்ட் திறந்தது. எனக்கென்னவோ அந்தப் பெஞ்சைவிட்டு அவர் அவசரப்பட்டு எழுந்துவிட்டார் என்றே தோன்றுகிறது. பெஞ்சில் இருந்தால்தான் சில விஷயங்கள் தெரிகின்றன. இரண்டாம் முறை என் பெண் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினாள். நல்ல கத்தல், மற்றவர்களுடைய கத்தலோடு சேர்ந்தே எழுந்தது. வளைவில் திரும்பும்போது, கத்திக்கொண்டே, நாங்கள் பார்க்கிறோமா என்று பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். பையன் பாட்டிலை ஆட்டினான்.

எங்கள் பக்கத்தில், பாபநாசம் தாலுக்காவில், மெலட்டூர் இருக்கிறது. நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா நடக்கும். மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரஹ்லாத சரித்திரம். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். நரசிம்மர் வேஷம் கட்டுகிறவர் உபவாசம் இருப்பார். முகமூடிக்குப் பூஜை உண்டு. தூணிலிருந்து அவர் வெளிப்பட்டபின் ஆட்கள் அவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார்கள். ஆவேசத்தில் இரண்யனாக நிற்கிற மனிதருக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகிவிடலாம் என்பதற்காக. நாடகம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களின் கை இறுகித்தான் இருக்கிறது. என் அப்பா காட்டிய ராட்டினக்காரரின் கைக்குப் பிறகு அப்படிப்பட்ட கைகளை நான் அங்கேதான் பார்த்திருக்கிறேன். அங்கே கோல்ரிட்ஜுக்கு வேலையில்லை. அவநம்பிக்கையும் இருக்கிறது, அது எதையும் தடுப்பதுமில்லை.

2017-ல் பெண் அங்கே அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டவள், கடைசிவரை எடுக்கவில்லை. 2019-ல் மறுபடி போனோம். பூங்காவுக்குப் போய் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பையன் தூங்கிவிட்டான். அவள் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் நரசிம்மர் வந்தார். நடுங்கினார், முன்னால் பாய்ந்தார், பின்னால் இருந்தவர்கள் இழுத்துப் பிடித்தார்கள். அவள் என் காதருகில் வந்து கேட்டாள்: "அப்பா, அவங்க பெல்ட் மாதிரியா?"

நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"விட்டுட்டா?"

பக்கத்தில் இருந்த கிழவர் திரும்பாமலே, "பேசாம இரு குழந்தே, சுவாமி வர நேரம்" என்றார். அவள் பேசாமல் இருந்தாள். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. வெளிச்சம் வந்து எல்லோரும் எழுந்தபோது என்னால் எழ முடியவில்லை. என் வேட்டி நுனி அவள் கைக்குள் இருந்தது.