பாப்பாவுக்கு, சட்டப் படிப்பைப் பற்றி

தருமபுரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

 

ஆன்லைனிலேயே எல்.எல்.பி. முடித்து வக்கீலாகலாம் என்று யாரோ சொன்னதாகக் குரல்பதிவில் சொல்லியிருந்தாய். நம்பாதே. அப்படி வாங்கும் பட்டத்தைப் பார் கவுன்சில் ஏற்காது. கல்லூரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பாடத்துக்கு 70 சதவீத வருகை காட்ட வேண்டும். அதற்கு நம் ஊரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி உனக்கு 5 சதவீத ஒதுக்கீடும் வயதில் 5 ஆண்டு தளர்வும் உண்டு.

கல்லூரியில் சேர்வதற்குள் ருசி பார்க்க, ஸ்வயம் என்ற அரசின் இணையப் பாடத் தளத்தில் ஒரு சட்டப் பாடம் எடு. கேட்கக் காசில்லை, தேர்வுக்குத்தான் கட்டணம். அதில் என்.பி.டி.இ.எல். நடத்தும் பாடமென்றால் வாராவாரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10, தேர்வில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். இரண்டு வாரம் விட்டுவிட்டு மூன்றாம் வாரம் சேர்த்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதே.

உன் திரைவாசிப்பு மென்பொருள் என்.வி.டி.ஏ. எதை வாசிக்கும், எங்கே ஊமையாகும் என்று உனக்கே தெரியும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் சத்தமே வராது. வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் என்றால் உளறும். அதனால் முதல் வாரத்திலேயே பாடம் நடத்துபவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்று மின்னஞ்சல் போடு: யூனிகோடில் பாடக்குறிப்பு, பலகையில் காட்டுவதை வாயாலும் சொல்வது, சொல்வதை எழுதுபவர், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம். கெஞ்சி எழுதாதே, இது உன் உரிமை. நீதிமன்றமே மெல்ல மெல்ல அந்தப் பக்கம் வந்திருக்கிறது. 2019-ல் நம் மாநில சிவில் நீதிபதித் தேர்வு வழக்கில், 50 சதவீதத்துக்கு மேல் பார்வைக் குறை இருந்தால் தகுதியில்லை என்ற விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. விகாஷ் குமார் வழக்கில் 2021-ல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இனி முன்மாதிரியாகக் கொள்ள முடியாது என்றது. பார்வையற்றவர்களும் நீதிபதியாகலாம் என்று 2025 மார்ச்சில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஒன்று மட்டும் கேட்காதே: படிக்க வேண்டியதைக் குறைக்கச் சொல்லி. இரக்கப்பட்டு யாராவது, 'உனக்குச் சுருக்கம் போதும்மா' என்பார்கள். வேண்டாம் என்று சொல். வாச்சாத்தி வழக்கையே எடுத்துக்கொள். 1992-ல் அந்த மலைக் கிராமத்தில் அரசு ஊழியர்கள் செய்த கொடுமைக்கு 2011-ல்தான் நம் தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை பெரிய ஆட்களுக்கு எதிராக அந்த மலைச் சனங்களின் சாட்சியம் எப்படி நின்றது என்பது சுருக்கத்தில் இருக்காது. முழுத் தீர்ப்பையும் காதால் கேட்டவளுக்குத்தான் பிடிபடும். நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் உனக்காகக் கேள்வியைக் குறைத்துக் கேட்கப்போவதில்லை.

மின்னஞ்சலை எழுதி முதலில் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாமா கடைக்குப் போனதும் கூப்பிடுகிறேன், சேர்ந்து திருத்திவிடலாம்.

அன்புடன்,
அக்கா