ஒன்பது வருஷக் கடனும் ஏழு சீட்டும்



ஆலயத்துல வாகன பூஜைக்கு எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எடுத்து வைக்கிறது எங்க குடும்பம்தான். அதனால குருண் வட்டாரத்துல யார் வீட்டுக்கு என்ன காடி வந்திருக்குன்னு எங்களுக்கு முதல்லயே தெரிஞ்சிடும். இப்பல்லாம் பெரிய எஸ்யூவி நிறைய வருது. "உங்க வண்டி எப்போ?"ன்னு பல பேர் கேட்டுட்டீங்க. நாங்களும் போய்ப் பார்த்தோம். போட்ட கணக்கை இங்க எழுதுறோம், யாருக்காவது உதவும்.

இப்போ ஓடுறது பழைய புரோட்டோன் எக்ஸோரா. அம்மா, நாங்க ரெண்டு பேர், பிள்ளைங்க மூனு பேர். அது போக, பின் சீட்டை மடக்கினா அன்னதான சாம்பார் அண்டாவே உள்ள போயிடும். (புது லெதர் சீட்டுல அந்த அண்டாவை வைக்க மனசு வருமான்னு வீட்டுல ஒரு சண்டையே நடந்துச்சு.)

பார்த்தது மூனு வண்டி. மூனுமே மலேசியாவில பூட்டுனதுதான். மஸ்டா சிஎக்ஸ்-8 கூலிம்ல பூட்டுனது. பிஜோ 5008 நம்ம குருண்லயே, முன்னால நாசா, இப்போ ஸ்டெல்லாண்டிஸ் கையில இருக்கிற தொழிற்சாலையில பூட்டுனது. அந்த ஏழு சீட்டையும் ஸ்க்ரூ போட்டு முடுக்குற நம்ம பிள்ளைங்க சாயங்காலம் மோட்டார் சைக்கிள்லதான் வீட்டுக்குப் போறாங்க. மூனாவது, தஞ்சோங் மாலிம்ல இருந்து வர்ற புரோட்டோன் எக்ஸ்90. 2023 மே மாசம் வந்தப்போ 123,800 வெள்ளியில ஆரம்பிச்சு 152,800 வெள்ளி வரைக்கும் விலை வெச்சிருந்தாங்க. மனசு இதுலதான் நின்னுச்சு. உள்ள உட்கார்ந்தா சத்தமே இல்ல, அவ்வளவு சுகம். ஆனா உயரம். அம்மாவுக்கு முட்டி வலி, கதவைப் பிடிச்சிக்கிட்டு ரெண்டு தடவை முயற்சி பண்ணி மூனாவது தடவைதான் ஏறினாங்க. கடைசி சீட்டுல பெரிய பையன் உட்கார்ந்தா முழங்கால் நெஞ்சுக்கு வருது.

அடுத்து கடன். வண்டி விலை 130,000 வெள்ளின்னு வெச்சிக்குவோம். பத்து சதவீதம் முன்பணம் போனா மீதி 117,000. விற்பனையாளர் தம்பி "வட்டி மூனு சதவீதம்தான் அங்கிள்"ன்னு சொன்னார். இது நிலையான வட்டி. நாம மாசா மாசம் அசலைக் கட்டிக் குறைச்சாலும், முழு 117,000-க்கும் ஒன்பது வருஷம் மூனு சதவீதம் போட்டுடுவாங்க. வட்டி மட்டும் 31,590 வெள்ளி. குறையற அசலுக்கு வட்டி போடுற முறையில கணக்குப் பார்த்தா அது ஐந்தரை சதவீதம் கிட்ட வருது. மாசம் 1,376 வெள்ளி. காப்புறுதி, டயர், சர்வீஸ் எல்லாம் தனி.

மாசத் தவணையைப் பார்த்தா சமாளிச்சிடலாம்னுதான் தோனுச்சு. அன்னைக்கு ராத்திரி அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "எத்தனை வருஷம் கட்டனும்?" ஒன்பதுன்னு சொன்னோம். "அது வரைக்கும் வேலை இருக்குமா?"

எங்களுக்கு இப்போ 54. வேலை 60 வயசு வரைக்கும். கடன் முடியும்போது 63. கடைசி மூனு வருஷம் சம்பளமே இல்லாம தவணை மட்டும் வரும். அம்மா தோட்டத்துல பால்மரம் சீவினவங்க. மழை பெஞ்சா சீவ முடியாது, சீவலைன்னா காசு குறையும். வராத சம்பளத்தை நம்பி கடைக்காரர்கிட்ட கணக்கு எழுத மாட்டாங்க.

60-க்குள்ள முடிக்கனும்னு அஞ்சு வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தோம். மாசம் 2,243 வெள்ளி. நடக்காது. "அடுத்த வருஷம் 55, சேமநிதியை எடுத்துப் போடுங்க"ன்னு ஒரு நண்பர் யோசனை சொன்னார். சேமநிதிப் பணத்தை 55-ல முழுசா எடுக்கலாம்தான். ஆனா சின்னவ படிப்பு இன்னும் முடியல. அந்தப் பணம் வருஷா வருஷம் லாப ஈவு சேர்க்கும், வண்டி வருஷா வருஷம் விலை இறங்கும். அந்தப் பேச்சை அதோட விட்டுட்டோம்.

ஆலயத்துல பார்த்ததும் ஒன்னு இருக்கு. பூசணிக்காய் உடைச்ச வண்டிங்கள்ல சிலது ரெண்டு மூனு வருஷத்துல காணாம போயிடுது. வித்துட்டாங்களா, பேங்க் இழுத்துட்டுப் போச்சான்னு நாங்க கேட்கிறதில்ல. அந்த வீட்டு அக்கா அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில வந்து இறங்குவாங்க. முகத்தைப் பார்த்தாலே போதும்.

எக்ஸ்90 வேண்டாம்னு முடிவாயிடுச்சு. எடுத்தா பெரோடுவா அல்சா மாதிரி ஒன்னு. ஏழு சீட்டு இருக்கு, அம்மா தானே ஏறிடுவாங்க. 60,000 வெள்ளி கடன்னா அஞ்சு வருஷத்துக்கு, அதே வட்டியில, மாசம் 1,150. அதுவும் சின்னவ படிப்பு முடிஞ்ச பிறகுதான். எக்ஸ்90-ல டெஸ்ட் டிரைவ் போன பெரியவனுக்கு மட்டும் இன்னும் கோபம் ஆறல.

இப்போதைக்கு எக்ஸோராவுக்கு அப்சோர்பரும் நாலு டயரும் மாத்துறோம். திங்கள்ல இருந்து வண்டி பட்டறையில இருக்கும். வர்ற வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு அரிசி மூட்டை ஏத்த யார்கிட்டயாவது வேன் இருந்தா வாட்ஸ்ஆப்புல சொல்லுங்க. காலையில ஏழு மணிக்குள்ள வேணும்.